கணவாய் விடுதியின் கடன்



ஆசிரியர் பணியில் இருக்கும் நண்பர்கள் மூவரும் நானும் நெடுநாளாக ஒரு திட்டம் வைத்திருக்கிறோம். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைக்குச் சென்று, ஒரு கணவாயின் உச்சியில் உள்ள விடுதியில் சில நாள் தங்கி, மிதிவண்டியில் மலைச்சாலைகளைச் சுற்றிவர வேண்டும் என்பதே அது. இச்செய்தி எப்படியோ பள்ளியில் பரவிவிட்டது. மாணவர் ஒருவரின் தந்தையார் என்னைச் சந்தித்தபோது, "ஐயா, நம்ம நாட்டுல இல்லாத மலையா? அங்க போய் மிதிக்கிறதுல என்ன கிடைக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவருக்கு அன்று நான் சரியான விடை சொல்லவில்லை. எந்த விடுதியில் தங்குவது என்று முடிவு செய்வதற்காக அவ்விடங்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகே விடை கிடைத்தது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் பட்டியலில் இரண்டு கணவாய்கள் இருந்தன. ஒன்று, சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே உள்ள பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாய். உயரம் 2,469 மீட்டர். மற்றொன்று, பிரான்சு நாட்டின் இசோவார் கணவாய். உயரம் 2,360 மீட்டர். தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமான தாகான் மலையே 2,187 மீட்டர்தான். அதாவது, நம் தீபகற்பத்தின் உச்சந்தலையைவிட உயரமான இடத்தில் அங்கே சாலை ஓடுகிறது. அச்சாலையோரத்தில் விடுதியும் இருக்கிறது. இவ்வளவு உயரத்தில், ஆண்டில் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும் இடத்தில், விடுதியை யார் கட்டினார்கள்? எதற்காகக் கட்டினார்கள்? சுற்றுலாப் பயணிகளுக்காக அல்ல என்பது மட்டும் உறுதி.

ஆயிரம் ஆண்டு திறந்திருக்கும் கதவு

பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாய் மிகப் பழைய வழி. உரோமானியர்கள் இக்கணவாயில் தங்கள் கடவுளுக்குக் கோயில் எழுப்பியிருந்தார்கள். வணிகரும் திருப்பயணிகளும் படைவீரரும் இவ்வழியே ஆல்ப்ஸைக் கடந்தார்கள். பனிப்புயலில் வழி தவறியும், பனிச்சரிவில் புதைந்தும், கள்வர் கையில் அகப்பட்டும் மாண்டவர் பலர்.

அவோஸ்தா நகரில் திருச்சபைப் பணியில் இருந்த பெர்னார்ட் என்பவர் கி.பி. 1050 வாக்கில் இக்கணவாயின் உச்சியிலேயே ஓர் அறவிடுதியை அமைத்தார். அவர் பெயரே பின்னர் கணவாய்க்கும் ஆயிற்று. வருபவர் எந்நாட்டவர், எம்மதத்தவர், ஏழையா செல்வரா என்று கேளாமல் உணவும் படுக்கையும் கொடுப்பதே அவ்விடுதியின் நெறி. துறவியர் தலைமுறை தலைமுறையாக அங்கேயே குளிர்காலத்திலும் தங்கி, புயல் வீசும் நாள்களில் வெளியே சென்று வழிப்போக்கரைத் தேடி அழைத்து வந்தார்கள். தம் மூதாதையர் சத்திரமும் சாவடியும் கட்டிவைத்ததையும், தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டதையும் அறிந்த நமக்கு இந்நெறி புதியதன்று. வெயிலுக்கு நம்மவர் செய்ததை அவர்கள் பனிக்குச் செய்தார்கள்.

அத்துறவியர் வளர்த்த நாய்களை உலகம் அறியும். அவற்றுள் பெரும்புகழ் பெற்றது 'பேரி' என்னும் நாய். 1800-இல் பிறந்து 1814-இல் இறந்த அது நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்தது என்பது வழிவழி வரும் செய்தி. அதன் பதப்படுத்தப்பட்ட உடல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. இந்நாய்களின் கழுத்தில் சிறிய மதுப்பீப்பாய் தொங்குவதாக நம் பிள்ளைகளின் படக்கதைகளில் காண்கிறோம் அல்லவா? அது எட்வின் லாண்ட்சீர் என்னும் ஆங்கிலேய ஓவியர் 1820-இல் தீட்டிய ஓவியத்தால் பரவிய கற்பனை. நாய்கள் சுமந்தது பீப்பாயை அன்று. மோப்பத் திறனையும் உடல் வெப்பத்தையுமே. வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவர்களுக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆயினும் உண்மை உண்மைதானே!

நெப்போலியன் வைத்த கடன்

1800-ஆம் ஆண்டு மே மாதம். இத்தாலியில் இருந்த ஆத்திரியப் படையைப் பின்புறமாகத் தாக்குவதற்காக நெப்போலியன் ஏறத்தாழ 40,000 வீரர்களை இக்கணவாய் வழியே நடத்திச் சென்றார். பீரங்கிகளைக் கழற்றி, குடைந்தெடுத்த மரத்தண்டுகளுக்குள் வைத்து, கயிறு கட்டிப் பனியில் இழுத்தார்கள். அறவிடுதியின் துறவியர், களைத்து வந்த வீரர்களுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மதுவும் கொடுத்தார்கள்.

ஓவியர் தாவித் தீட்டிய புகழ்பெற்ற படத்தில், முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரை மீது நெப்போலியன் வீற்றிருக்கிறார். நடந்தது வேறு. மே 20-ஆம் நாள் அவர் ஒரு கோவேறு கழுதையின் மீது அமர்ந்து, தோர்சா என்னும் உள்ளூர் வழிகாட்டி இளைஞர் முன்னே நடக்க, மெல்ல மெல்லத்தான் மலையேறினார். மலை பேரரசருக்கும் சலுகை தருவதில்லை.

என் மனத்தைத் தொட்டது இதற்கு அடுத்த பகுதி. கணவாய்க்குக் கீழே, சுவிட்சர்லாந்துப் பக்கம் உள்ள கடைசிச் சிற்றூர் பூர்-சேன்-பியேர். படை கடந்து சென்றபோது அவ்வூர் மக்களின் மரங்கள் வெட்டப்பட்டன; சமையல் பாத்திரங்கள் வாங்கிச் செல்லப்பட்டன; ஆடவர் பீரங்கி இழுக்க அழைக்கப்பட்டனர். எல்லாவற்றுக்கும் ஈடு தருவதாக நெப்போலியன் எழுத்து மூலம் உறுதி கூறினார். ஆனால் கடன் முழுமையாகத் தீர்க்கப்படவில்லை. அவர் பேரரசர் ஆனார், வீழ்ந்தார், தீவில் சிறையிருந்து மறைந்தார். ஊர் மக்கள் மட்டும் அவ்வோலையைப் பாதுகாத்து, தலைமுறை தலைமுறையாக நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். இறுதியில் 1984-இல் பிரான்சின் அதிபர் மித்தரோன் அடையாளமாக ஒரு நினைவுப் பதக்கத்தை அவ்வூருக்கு அளித்து அக்கணக்கை முடித்து வைத்தார். இடையில் கழிந்தவை 184 ஆண்டுகள்!

சிற்றூர் ஒன்று இவ்வளவு காலம் இதை மறவாமல் இருந்தது பணத்துக்காக என்று நான் எண்ணவில்லை. நம் வீட்டுப் பானையை எடுத்துச் சமைத்து உண்டவர் திரும்பிப் பார்க்காமல் போனார் என்ற மனக்குறைதான் அது.

அதே மனிதர் தீர்த்த இன்னொரு கடன்

இனி எங்கள் பட்டியலின் இரண்டாம் கணவாய்க்கு வருவோம். வியப்பு என்னவென்றால், அங்கேயும் நெப்போலியனே நிற்கிறார். ஆனால் இம்முறை வேறு முகத்துடன்.

1815 மார்ச்சு முதல் நாள், எல்பா தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் பிரான்சின் தென்கரையில் இறங்கினார். பாரிசை நோக்கி மலைவழியே விரைந்த அவர் மார்ச்சு 5-ஆம் நாள் இரவு காப் என்னும் நகரை அடைந்தார். அவரை வரவேற்பது ஆபத்தான செயல். அவர் மீண்டும் தோற்றால் வரவேற்றவர் கதி என்னாகும்? ஆயினும் காப் மக்கள் அன்போடு வரவேற்றார்கள். அந்த ஓர் இரவை அவர் மறக்கவில்லை. செயின்ட் எலினாத் தீவில் 1821-இல் இறப்பதற்கு முன், அவ்வட்டார மக்களுக்கென ஒரு தொகையை எழுதி வைத்தார். அவருடைய தம்பி மகனான மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், 1850களில், அது நிறைவேற்றப்பட்டது. மலைவழிகளில் பனியில் அகப்படும் வழிப்போக்கர்க்குப் புகலிடங்கள் கட்டுவது என்று முடிவாயிற்று. இப்படி அந்த மாவட்டத்தின் ஆறு கணவாய்களில் எழுந்தவையே 'நெப்போலியன் புகலிடங்கள்'. இசோவார் கணவாயின் உச்சிக்குச் சற்றுக் கீழே, பிரியான்சோன் நகரின் பக்கம் நிற்கும் கல்வீடு அவற்றுள் ஒன்று.

ஒரே மனிதர்; இரண்டு கணவாய்கள். ஒன்றில் உண்டுவிட்டுக் கடனை மறந்தார். மற்றொன்றில் ஓர் இரவு பெற்ற அன்புக்காக, பின்னர் அவ்வழியே வரும் முன்பின் அறியாத மனிதர்களுக்குக் கூரை அமைய வழி செய்தார். விருந்தோம்பலைப் பற்றி வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். விருந்தாக வந்தவனுக்கும் கடமை உண்டு என்பதை இவ்விரு கணவாய்களும் எனக்குச் சொல்லித் தந்தன.

மிதிவண்டி மலையேறிய கதை

இந்த மலைவழிகளுக்கு மிதிவண்டி எப்படி வந்தது? பிரான்சின் சேன்-தெத்தியேன் நகரைச் சேர்ந்த பவுல் தெ விவி என்பவரை இங்கே நினைவுகூர வேண்டும். 'வெலோசியோ' என்னும் புனைபெயரில் எழுதிய அவர் 1887-இல் மிதிவண்டிக்கென ஓர் இதழைத் தொடங்கினார். பந்தயத்துக்காக அன்றி, ஊர் காணவும் மலை காணவும் மிதிவண்டியில் செல்லலாம் என்று வாழ்நாள் முழுதும் எழுதியும் மிதித்தும் காட்டியவர் அவர். ஏற்றத்தில் எளிதாக மிதிக்க உதவும் மாற்றுப் பற்சக்கரங்களை, 'அது முதியவர்க்கும் பெண்களுக்கும் உரியது' என்று பலர் எள்ளிய காலத்திலேயே அவர் வலியுறுத்தினார். பசிக்கும் முன் உண்ணுங்கள், தாகம் எடுக்கும் முன் அருந்துங்கள், வீண் பெருமைக்காக ஒருபோதும் மிதிக்காதீர்கள் என்பன அவர் வகுத்த அறிவுரைகளுள் சில. 1930-இல் அவர் மறைந்தார். 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் பற்சக்கர மாற்றிகளுக்கு அனுமதி கிடைத்தது 1937-இல்தான்.

அப்பந்தயம் உயர்மலைகளுக்குச் சென்ற கதையும் நம்மைப் போன்று திட்டம் தீட்டுவோருக்குப் பாடம். பிரான்சின் தெற்கே, ஆல்ப்ஸிலிருந்து தொலைவில் உள்ள பிரனீசு மலைத்தொடரில் 2,115 மீட்டர் உயரமுள்ள துர்மாலே கணவாய் இருக்கிறது. 1910-இல் பந்தய அமைப்பாளரின் உதவியாளர் ஸ்டெயினெஸ் என்பவர் அவ்வழியைப் பார்வையிடச் சென்றார். பனி மறித்ததால் அவரது கார் நின்றுவிட்டது. இருட்டில் நடந்தே கணவாயைக் கடக்க முயன்ற அவர், வழி தவறி விழுந்து, நள்ளிரவுக்குப் பின் உறைந்த நிலையில் மறுபக்கத்து ஊரை அடைந்தார். இவ்வளவும் நடந்த பிறகு அவர் பாரிசுக்கு அனுப்பிய தந்தியில் சொன்னது என்ன? சாலை மிக நன்றாக இருக்கிறது, தாராளமாகச் செல்லலாம் என்பதே என்று பந்தய வரலாறு நகைப்போடு குறிப்பிடுகிறது.

விளைவை வீரர்கள் அனுபவித்தார்கள். 1910 சூலை 21-ஆம் நாள், 326 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கட்டத்தில், துர்மாலே உட்பட அடுத்தடுத்துப் பல கணவாய்களை அவர்கள் கடக்க வேண்டியிருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவர் பலர். அன்று முதலிடம் பெற்ற ஒக்தாவ் லப்பீஸ், வழியில் நின்ற பந்தய அலுவலர்களைப் பார்த்து, "கொலைகாரர்கள்!" என்று கத்தினார். அவ்வாண்டு 110 பேர் புறப்பட்ட பந்தயத்தை 41 பேரே முடித்தார்கள். வென்றவரும் லப்பீஸ்தான். முதல் உலகப் போரில் விமானியாகச் சென்ற அவர் 1917-இல் உயிரிழந்தார்.

இசோவார் கணவாய்க்குப் பந்தயம் 1922-இல் வந்தது. பெரிய செயின்ட் பெர்னார்டுக்கு 1949-இல் வந்தது. அந்த 1949-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் இத்தாலி நாட்டின் இரு பெரும் வீரர்களான ஃபாவுஸ்தோ கோப்பியும் ஜீனோ பர்த்தாலியும் இசோவார் மலையை இணைந்தே ஏறினார்கள். பர்த்தாலிக்கு அன்று பிறந்தநாள். பிரியான்சோனில் வெற்றி அவருக்குக் கிடைத்தது. பந்தயத்தை வென்றவர் கோப்பி.

பர்த்தாலியின் வாழ்வில் இதைவிடப் பெரிய பயணங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, பயிற்சிக்குச் செல்பவர் போல் நெடுந்தொலைவு மிதித்துச் சென்ற அவர், தம் மிதிவண்டியின் குழாய்களுக்குள் போலி அடையாள ஆவணங்களை மறைத்து எடுத்துச் சென்றார். நாசிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்த யூதர்களைக் காப்பாற்றவே அவ்வாவணங்கள். யூதக் குடும்பம் ஒன்றுக்குப் புகலிடமும் தந்தார். போருக்குப் பின் இதைப் பற்றி அவர் பெரிதாகப் பேசவே இல்லை. அவர் 2000-இல் மறைந்தார். 2013-இல்தான் இசுரேலின் யாத் வஷெம் நினைவகம் அவருக்கு உரிய சிறப்பை அளித்தது. புகலிடம் தருவதற்கு மலை உச்சியில் கல்வீடுதான் வேண்டும் என்பதில்லை. ஒரு மிதிவண்டியும் புகலிடம் ஆகலாம்.

சுரங்கமும் பழைய சாலையும்

1964-இல் பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாய்க்குக் கீழே மலையைக் குடைந்து சுரங்கச்சாலை திறக்கப்பட்டது. அதன்பின் வணிகமும் சரக்குந்துகளும் மலைக்கு அடியிலேயே சென்றுவிட்டன. உச்சிக்கு ஏறும் பழைய சாலை, கோடையில் மட்டும் திறந்திருக்கும் அமைதியான வழியாயிற்று. கார் வைத்திருப்பவருக்கு அந்த அறவிடுதி இன்றியமையாததன்று. அதன் கதவை உண்மையான தேவையோடு தட்டுபவர்கள் இன்று யார் என்று எண்ணிப் பார்த்தால், நடந்து வருபவரும் மிதித்து வருபவருமே. மார்ட்டினி நகரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர், 2,000 மீட்டர் உயரம் மிதித்துக் களைத்து வருபவனுக்கு ஒரு கிண்ணம் சூடான சாறு என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன் வந்த வழிப்போக்கனுக்கு இருந்த அதே பொருளுடையது. மிதிவண்டி நம்மைப் பழைய வழிப்போக்கனாக ஆக்கிவிடுகிறது.

என் கடன்

இதையெல்லாம் படித்தபோது, என் பழைய நினைவு ஒன்று மேலெழுந்து என்னை உறுத்தியது.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நால்வரும் நம் நாட்டு மலைநகர் ஒன்றுக்கு மிதிவண்டியில் சென்றோம். ஏற்றத்தின் நீளத்தைத் தவறாகக் கணக்கிட்டோம். பிற்பகல் மழையையும் கணக்கில் கொள்ளவில்லை. மாலையில் சேர வேண்டிய விடுதியை இரவு பதினொரு மணிக்கு, நனைந்து நடுங்கியபடி அடைந்தோம். முன்னதாக ஓர் அழைப்புக்கூட விடுக்கவில்லை. விடுதியைப் பார்த்துக்கொண்ட அம்மையார் கதவைத் திறந்து, "ஈரத்தோட நிக்காதீங்க தம்பி, உள்ள வாங்க. மொதல்ல சாப்பிடுங்க, மத்தத காலையில பேசிக்கலாம்" என்றார். அடுப்பை மீண்டும் மூட்டி, சோறும் இரசமும் முட்டைப் பொரியலும் செய்து போட்டார். தம் வீட்டுத் துண்டுகளையும் எடுத்துத் தந்தார்.

காலையில் நாங்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். அறைக் கட்டணத்தை முன்பே செலுத்தியிருந்தோம். அந்தச் சோற்றுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ஈரத் துண்டுகளைத் தரையிலேயே போட்டுவிட்டு வந்தோம். 'அக்கா' என்று அழைத்தோமே தவிர, அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆனால் ஊர் திரும்பி, அந்த ஏற்றத்தை நாங்கள் 'வென்ற' கதையை மட்டும் பலரிடம் பலமுறை சொன்னோம்.

பூர்-சேன்-பியேர் மக்களின் மனக்குறையைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

எங்கள் திட்டம்

ஆகவே எங்கள் திட்டத்தை மாற்றி எழுதினோம்.

முதலாவது, காலம். நம் ஆண்டிறுதி விடுமுறையில் இக்கணவாய்ச் சாலைகள் பனியால் மூடப்பட்டிருக்கும். பெரிய செயின்ட் பெர்னார்ட் சாலை வழக்கமாகச் சூன் மாதத்தில் திறந்து, அக்டோபரில் மூடப்படுகிறது. பணி ஓய்வு பெறப்போகும் நண்பர் ஒருவரின் ஓய்வுக்குப் பின்னரே எல்லாரும் சேர்ந்து செல்வது என்றும், மற்றவர்கள் அதற்கேற்ப விடுப்பு எடுப்பது என்றும் பொறுத்திருக்க முடிவு செய்தோம். மலை நமக்காகத் தேதியை மாற்றாது.

இரண்டாவது, உண்மை. எங்களில் யாருக்கு எவ்வளவு இயலும் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டெயினெஸ் அனுப்பியது போன்ற தந்தி எங்களுக்குள் கூடாது. வெலோசியோவின் அறிவுரைப்படி, எளிய பற்சக்கரங்களோடு, வெட்கமின்றி மெல்ல ஏறுவோம்.

மூன்றாவது, அறிவிப்பு. எந்நேரம் வருவோம் என்று விடுதிக்கு முன்கூட்டியே சொல்வோம். தாமதமானால் வழியிலிருந்தே தெரிவிப்போம். நமக்காக ஒருவர் விளக்கெரித்துக் காத்திருக்கலாம் என்ற எண்ணம் வேண்டும்.

நான்காவது, எங்கே தங்குவது என்பது. பெரிய செயின்ட் பெர்னார்ட் அறவிடுதியையே தேர்ந்தெடுத்தோம். வழியில் பூர்-சேன்-பியேரில் இறங்கி, அவ்வூரிலேயே பகலுணவு உண்டு, அதற்குரிய விலையைக் கொடுத்துவிட்டு மேலேறுவோம். படைகள் வைத்த கடனை நாங்கள் தீர்க்க முடியாது. எங்கள் பங்குக்குப் புதிய கடன் வைக்காமல் இருக்கலாம்.

இவை அனைத்துக்கும் முன், ஐந்தாவதாக ஒன்று உண்டு. வரும் பள்ளி விடுமுறையில் நால்வரும் நம் மலைநகருக்குச் சென்று அந்த அம்மையாரைத் தேடப் போகிறோம். அவர் இன்னும் அங்கேயே இருக்கிறாரா என்பது தெரியாது. இருந்தால் முதலில் அவர் பெயரைக் கேட்போம்.

பெற்றோர்களே, பிள்ளைகளை விடுமுறைக்கு அழைத்துச் செல்லும்போது, அறையைக் காலி செய்யும் முன் படுக்கையைச் சரிசெய்யவும், பரிமாறியவருக்கு நன்றி சொல்லவும், அவர் பெயரைக் கேட்டறியவும் பழக்குங்கள். ஆசிரியர்களே, நெப்போலியனின் போர்களைக் கற்பிக்கும் நாளில், அவர் திருப்பித் தராத சமையல் பாத்திரங்களைப் பற்றியும் இரண்டு நிமிடம் சொல்லுங்கள். மாணவர்கள் போர்த் தேதிகளை மறந்தாலும் பாத்திரங்களை மறக்கமாட்டார்கள்.

என்னிடம் வினவிய அந்தத் தந்தையாருக்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. நம் நாட்டிலும் மலை இருக்கிறது, ஐயா. அங்கே எனக்கொரு கடனும் இருக்கிறது. அதைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த மலைக்குப் போகிறேன்.